சுண்டுவின் ரத்தத்தில் இருப்பது யாருடையது

என் அக்காவுக்கு அப்போது உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. தப்பு தன் மேல் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தவர்கள் யாருக்கும் இது தெரியாது. அவர்கள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, உன் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அவள் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் வடிந்தது. ஆறுதல் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்து, அதையே இன்னொரு முறை சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

முதலில் இருந்து சொன்னால்தான் புரியும்.

சுண்டு அக்காவின் மகள். பிறந்தபோது கை, கால், அழுகை எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கொஞ்ச நாளில் கால் உதைப்பது குறைந்தது. சமத்து, படுத்தவே மாட்டேன் என்கிறது என்று பார்த்தவர்கள் மெச்சினார்கள். நாங்களும் அந்தப் பெருமையைக் கூச்சமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டோம். அசையாமல் கிடப்பதற்காக ஒரு குழந்தையைப் பாராட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது நரம்பு டாக்டரின் அறைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. டாக்டரம்மா சின்னச் சுத்தியலால் சுண்டுவின் முழங்காலைத் தட்டினார். கால் அப்படியே இருந்தது. இன்னொரு முறை தட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமாவின் கால்தான் துள்ளியது.

மாமா, அதாவது அக்காவின் கணவர், டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவர். அந்தக் கார்களில் வாத்தியார் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. மற்றவர்களின் தவறுகளுக்காக வருடக்கணக்கில் அதை மிதித்து மிதித்து, பயம் வந்தால் அவருடைய கால் தானாக எதையாவது அழுத்தப் பழகிவிட்டது. சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் அழுத்தும். டாக்டரம்மா விளக்கிக்கொண்டிருந்த அரைமணி நேரமும் அவர் தரையை மிதித்துக்கொண்டே இருந்தார். எதுவும் நிற்கவில்லை.

நோய் இதுதான். ஒரே ஒரு மரபணு பழுது. அது இல்லாமல் முதுகுத்தண்டில் இருக்கும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும். முதலில் கால் போகும். பிறகு விழுங்குவது, பிறகு மூச்சு. செத்த செல் திரும்பி வராது. இப்போதைக்கு ஒரு சிரப் உண்டு. அது கசிவைக் குறைக்கும், பொத்தலை அடைக்காது. அடைக்கக்கூடிய ஒரு மருந்தை அந்த ஆஸ்பத்திரியிலேயே பரிசோதனை முறையில் சில குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வைரஸை எடுத்து, உள்ளே இருப்பதை எல்லாம் வழித்துப் போட்டுவிட்டு, அந்த வெறும் ஓட்டுக்குள் நல்ல மரபணுவை வைத்து ரத்தத்தில் ஏற்றுவார்கள். ஓடு நரம்புச் செல்லின் கதவைத் தட்டி உள்ளே போய்ச் சரக்கை இறக்கிவிடும். ஒரே ஒரு ஊசி. வாழ்நாளில் ஒரே ஒரு முறை.

டாக்டரம்மா ஓட்டின் பெயரைச் சொன்னதும் அக்கா தலையை ஆட்டினாள்.

“தெரியும். பத்து வருஷமா அதைத்தான் செய்றேன்.”

உண்மைதான். அக்காவின் ஆய்வுக்கூடத்தில் வேலையே அந்த ஓடுகளை வளர்ப்பதும் கழுவுவதும் உருவம் பார்ப்பதும்தான். எங்கள் வீட்டு டி.வி.க்குப் பக்கத்தில் அதன் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று இருக்கிறது. ஒரே மாதிரி அறுபது துண்டுகள் ஒன்றோடொன்று கோத்து உருண்டையாகியிருக்கும். மூன்று துண்டுகள் கூடும் இடத்தில் எல்லாம் ஒரு மேடு கூம்பி நிற்கும். ஒரு பந்துக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி. நம் உடம்பு அந்த மேடுகளைத்தான் அடையாளம் வைத்துக்கொள்ளுமாம். ஒருமுறை பார்த்துவிட்டால் அந்த மேட்டின் வடிவத்துக்கு ஏற்றபடி ஆன்டிபாடி தயாரித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை வந்தால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஆன்டிபாடிக்குப் பிறபொருளெதிரி என்று பெயர். ஏதோ டெபாசிட் இழந்த கட்சி என்று நினைத்து அந்தப் பாடத்தை விட்டுவிட்டேன். அதற்கான தண்டனையாக இப்போது சொந்த வீட்டில் படிக்கிறேன்.

மருந்து ஏற்றும் முன்னால் ஒரு சோதனை செய்வார்கள். குழந்தையின் ரத்தத்தில் இந்த ஓட்டுக்கு எதிராக ஏற்கெனவே ஆன்டிபாடி இருந்தால் மருந்து கிடையாது. கொடுத்தால் அவை வழியிலேயே மருந்தைப் பிடித்துக் கும்பலாகக் கட்டிவிடும். மருந்து வீண் என்பதோடு போகாது. அந்தக் கும்பல் கிட்னியில் போய் அடைத்தால் குழந்தையே போகலாம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்ல முடியாது. ஒருமுறை மருந்து உள்ளே போனால் உடம்பு அந்த ஓட்டைச் சாகிறவரை மறக்காது. இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

சோதனை ஒரு படிக்கட்டு மாதிரி. ரத்தத்தின் தெளிந்த நீரை ஐம்பது மடங்கு நீர்க்க வைத்துப் பார்ப்பார்கள், பிறகு நூறு, பிறகு இருநூறு. எதுவரை ஆன்டிபாடி தென்படுகிறதோ அதுதான் அந்த ஆளின் படி. ஐம்பதோடு நின்றால் மருந்து உண்டு. அதற்கு மேல் என்றால் இல்லை. சுண்டு இருநூறில் இருந்தாள்.

அக்காவின் ரத்தத்தையும் பார்த்தார்கள். அவளுடையது படிக்கட்டை எல்லாம் தாண்டி மொட்டைமாடிக்கே போய் நின்றது.

டாக்டரம்மாவுக்கு அதைப் பார்த்ததும் கொஞ்சம் நிம்மதி. இதெல்லாம் அம்மா கர்ப்பத்தில் கொடுத்தனுப்பியது, குழந்தையே செய்தது இல்லை, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும், காத்திருக்கலாம் என்றார். எதற்கும் தாய்ப்பாலை நிறுத்திவிடுங்கள் என்றும் சொன்னார். பாலில் இருப்பது ரத்தத்துக்குப் போகாது என்று அக்கா வாதாட ஆரம்பித்தாள். மேற்கோள் காட்ட அவளிடம் கட்டுரைகள் இருந்தன. பாதியில் மடியில் கிடந்த சுண்டுவைப் பார்த்தாள், சரி என்று சொல்லிவிட்டாள். என் அக்கா ஒரு வாதத்தைப் பாதியில் விட்டதை நான் பிறந்ததில் இருந்து பார்த்ததில்லை.

பிறகு வீட்டில் காத்திருந்தோம். காத்திருப்பது என்றால், சுண்டு தூங்கும்போது மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்ப்பது. மூன்று பேரும் மற்ற இருவருக்கும் தெரியாமல்தான் செய்துகொண்டிருந்தோம். ஒரு நாள் மத்தியானம் திரை போட்ட அறையில் என் விரலும் மாமாவின் விரலும் அந்தச் சின்ன மூக்கின் கீழே முட்டிக்கொண்டன. அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார், பஸ்ஸில் யார் காலையோ மிதித்துவிட்ட ஆள் மாதிரி.

சமையலறையில் அக்கா பாலைப் பீய்ச்சிக் குழாயடியில் கொட்டுவாள். தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொட்டுவாள், சத்தம் கேட்கக் கூடாது என்று.

மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மறுபடி இருநூறு.

இந்தத் தடவை டாக்டரம்மா பேனாவை மூடினார், திறந்தார். இதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம் என்றார். ஒன்று, இது படிக்கட்டுக் கணக்கு. ஒரே படியின் மேல் விளிம்பில் இருந்து கீழ் விளிம்புக்கு இறங்கியிருந்தாலும் கணக்கில் அதே படிதான். அப்படியானால் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இன்னொன்று, சுண்டுவின் உடம்பு எங்கேயோ அந்த ஓட்டைப் பார்த்திருக்கிறது. சொந்தமாகவே தயாரிக்கிறது. அப்படியானால் அது இறங்காது. ஏறும்.

“இந்தத் திட்டத்துல இடம் கொஞ்சம்தான். இன்னொரு குழந்தை காத்திருக்கு,” என்றார். “திங்கட்கிழமை கமிட்டி உக்காருது. இறங்குதுன்னு காட்ட என்கிட்ட ஒண்ணும் இல்ல.”

மாமா தரையை மிதித்தார். எங்கே பார்த்திருக்க முடியும், பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத பிள்ளை, வீட்டை விட்டு எங்கே போனாள் என்று கேட்டார். டாக்டரம்மாவிடம்தான் கேட்டார். அக்கா போனை எடுத்து ஒரு படத்தைத் தேடி மேசையில் வைத்தாள்.

அக்கா பிரசவ விடுப்பில் இருந்தபோது ஒரு நாள் சுண்டுவை ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள், கூட வேலை செய்கிறவர்களுக்குக் காட்ட. எல்லோரும் கை மாற்றிக் கை மாற்றிக் கொஞ்சினார்கள். கேக் வெட்டினார்கள். சுண்டு தூங்கிவிட்டாள். படுக்க வைக்க மெத்தென்று எதுவும் இல்லாததால் பக்கத்து மேசைக்காரர் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மேசைமேல் விரித்தார். படத்தில் சுண்டு அந்தக் கோட்டில் கவிழ்ந்து, கோட்டின் கைப்பகுதியை வாயில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். அழகான படம். ஒரு மாதம் என் போனின் முகப்பிலும் அதுதான் இருந்தது.

அக்கா சொன்னாள்: “அந்தக் கோட்டுல என்ன இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும்.”

சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் அந்தப் படத்தை அவரும் ரொம்ப நேரம் பார்த்தார்.

அன்றிலிருந்துதான் அக்காவுக்கு அந்த ஆசை. சுண்டுவின் ரத்தத்தில் இருப்பது தன்னுடையதாக இருக்க வேண்டும். வருடக்கணக்கில் தான் மூச்சில் இழுத்து, தன் உடம்பு செய்து, தொப்புள்கொடி வழியாகத் தானே அனுப்பியதாக இருக்க வேண்டும். அப்படியானால் அது போய்விடும். கோட்டில் இருந்து வந்ததாக இருந்தால் போகாது. உன் மேல் தப்பில்லை என்று சொன்னவர்கள் எல்லோரும், உன் பிள்ளை பிழைக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு வழி அக்காவின் தொழிலிலேயே இருந்தது. ஓட்டின் மேடுகளில் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி அவள் பல ஓடுகள் செய்து வைத்திருந்தாள்: ஒன்றில் இந்த மேட்டை மழித்தது, அடுத்ததில் அந்த மேட்டை. ஒருவருடைய ஆன்டிபாடி எந்த மேட்டைப் பிடித்துத் தொங்குகிறதோ, அந்த மேடு மழிக்கப்பட்ட ஓட்டில் அதற்குப் பிடிமானம் இருக்காது. அந்தக் குழியில் நிறம் வெளுத்துப் போகும். எங்கெங்கே வெளுக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும், கைரேகை மாதிரி. அம்மா கொடுத்ததாக இருந்தால் அம்மாவின் ரேகை அப்படியே மகளிடம் இருக்கும்.

டாக்டரம்மாவிடம் சுண்டுவின் மிச்ச ரத்தநீரைக் கேட்டாள். அவர் யோசித்தார்.

“அத மட்டும் வச்சு நான் முடிவெடுக்க மாட்டேன்,” என்றார். “ஆனா கொண்டு வாங்க. பார்ப்பேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். சோதனைக்கு ஒண்ணுமே தெரியாத ஆள் ஒருத்தர் வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தாள். குடும்பம் என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது.

மாமா டிரைவிங் ஸ்கூல் காரில் பின்சீட்டில் சுண்டுவை வைத்துக்கொண்டு கட்டடத்தில் இருந்து எவ்வளவு தூரத்தில் நிறுத்த முடியுமோ அவ்வளவு தூரத்தில் நிறுத்தினார். அது போதாது, காற்று இந்தப் பக்கம் அடிக்கிறது என்று அக்கா இன்னும் தள்ளச் சொன்னாள். கடைசியில் கார் மைதானத்தின் கோடியில், கூரைமேல் “பழகுநர்” பலகையோடு தன்னந்தனியாக நின்றது. காவலாளி வந்து ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

உள்ளே பக்கத்து மேசைக்காரர் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார். ஆய்வுக்கூடத்தில் உறைபெட்டிகள் அவர் பொறுப்பு என்பதால் எல்லோரும் அவரை ஐஸ்பெட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். உருண்டையான, சாதுவான மனிதர். கோட்டு விஷயம் தெரிந்ததில் இருந்து அவர் தூங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

“தம்பி, அது துவைச்ச கோட்டுதான். அன்னைக்குக் காலையிலதான் எடுத்தேன்.”

சரி அண்ணே என்றேன்.

“துவைச்சதுன்னுதான் நெனைக்கிறேன்,” என்றார்.

அவருக்கும் அக்காவுக்கும் ஒரே வேண்டுதல் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவின் ரத்தம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று அவரும் வேண்டிக்கொண்டிருந்தார். ஆனால் அதை அவளிடம் எப்படி வாயால் சொல்வது? பரிவோடு நின்றுகொண்டிருந்தார், கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு.

மூன்று ரத்தநீர்: அக்காவுடையது, சுண்டுவுடையது, ஒப்பிட்டுப் பார்க்க ஐஸ்பெட்டி அண்ணனுடையது. அக்காவுடையதையும் அவருடையதையும் நிறைய நீர்க்க வைத்து, சுண்டுவின் அளவுக்கு இறக்கினார்கள், நிறத்தின் அழுத்தத்தை வைத்து யாருடையது என்று தெரிந்துவிடக் கூடாது என்று. மூன்றும் ஒரே மாதிரிச் சின்னக் குழாயில். அதற்குப் பிறகு என் வேலை. இருவரும் வெளியே போனதும் குழாய்களில் எழுதியிருந்ததன் மேல் வெள்ளை டேப் சுற்ற வேண்டும், குலுக்கிப்போட்டு வரிசையாக வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுத வேண்டும்.

“நீயும் பாக்கக் கூடாது,” என்றாள் அக்கா. “எது எதுன்னு உனக்குத் தெரிஞ்சா உன் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும். எனக்குத் தெரிஞ்சா நான் பாக்க நினைக்கிறதத்தான் பாப்பேன்.”

கண்ணை மூடிக்கொண்டு டேப் சுற்றினேன். இரண்டு கையுறைகள் டேப்போடு போய்விட்டன. சீட்டுக்கட்டு குலுக்குவது போல மேசைக்குக் கீழே கையை வைத்துக் குலுக்கினேன். கல்லூரியில் இரண்டு வருடமாக நான் முறையாகப் பயின்ற ஒரே கலை அன்றைக்குப் பயன்பட்டது.

அக்கா வேலையைத் தொடங்கினாள். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு வகை ஓடு முந்தின நாளே ஒட்ட வைக்கப்பட்டிருந்தது. முதல் குழியில் முழு ஓடு, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொரு மேடு மழித்தது. முதல் வரிசையில் ஒன்றாம் குழாய், அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று. ஊறட்டும் என்று ஒரு மணி நேரம் மூடி வைத்தாள். பிறகு கழுவினாள். கழுவுவது என்றால் நுண்ணிய வேலை என்று நினைத்திருந்தேன். தட்டைக் கவிழ்த்து, அடுக்கிய காகிதத் துண்டுகளின் மேல் படார் படார் என்று அறைவதுதான். அறையும்போது அவள் உதடு கோணியது. நாலு முறை அறைந்தால் போதுமாம். எத்தனை அறைந்தாள் என்று நான் பார்க்கவில்லை. ஐஸ்பெட்டி அண்ணன்தான் போதும்மா என்று தட்டை மெதுவாக வாங்கி வைத்தார்.

காத்திருக்கும் நேரத்தில் மாமா கூப்பிட்டார். சுண்டு பாட்டிலில் பாதிக்கு மேல் குடிக்கவில்லை, வாயோரம் வழிகிறது, இருமுகிறாள் என்றார். நேற்றும் இப்படித்தான் இருந்ததா என்று அக்கா கேட்டாள். நேற்று இவ்வளவு இல்லை என்றார். தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிங்க என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள். கால்கள் போனது முடிந்து, அடுத்ததாக விழுங்குவது போகத் தொடங்குகிறது என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது. உறைபெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

கடைசியாகச் சாயத் திரவத்தை விட்டாள். ஆன்டிபாடி பிடித்திருக்கும் குழிகளில் நீலம் ஏறத் தொடங்கியது, தண்ணீரில் மை கரைவது மாதிரி, மெதுவாக. பிறகு அமிலம் ஒரு சொட்டு, நீலமெல்லாம் மஞ்சளாயிற்று. அக்கா தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

எனக்கே தெரிந்தது. முதல் வரிசையிலும் மூன்றாவது வரிசையிலும் ஒரே இடங்களில் மஞ்சள் வெளுத்திருந்தது. நடு வரிசை வேறு மாதிரி. அதில் வெளுப்பு வேறு இடங்களில் இருந்தது.

இரண்டு ஒரே மாதிரி இருக்கிறதே, அம்மாவும் மகளும்தான் என்று நான் வாய் திறந்துவிட்டேன். இருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பத்து வருஷமா நாம ரெண்டு பேரும் ஒரே காத்தைத்தான் குடிச்சிருக்கோம்,” என்றார் ஐஸ்பெட்டி.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஒரே மேசை, ஒரே ஓடுகள், ஒரே தூசி. அந்த இரண்டு வரிசைகளும் அக்காவும் அவருமாக இருக்கலாம். அப்படியானால் நடுவில் தனியாக நிற்பது சுண்டு. சொந்தமாகச் செய்தது. போகாதது.

“நடுவுல இருக்கறத பிரி,” என்றாள் அக்கா.

இரண்டாம் குழாயை எடுத்தேன். டேப்பின் முனை எங்கே என்று தெரியவில்லை. அவ்வளவு இறுக்கமாகச் சுற்றியிருந்தேன். நகத்தால் சுரண்டினேன், கையுறைக்குள் நகம் வழுக்கியது. கையுறையைக் கழற்றக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். டேப் இரண்டு விரலோடும் ஒட்டிக்கொண்டு வந்தது, பாதியில் கிழிந்தது, மறுபடி முனை தொலைந்தது. அக்கா அவசரப்படுத்தவே இல்லை. அவள் திட்டியிருந்தால் முனை சீக்கிரம் கிடைத்திருக்கும். ஐஸ்பெட்டி அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

டேப் வந்தது. எழுத்து தெரிந்தது.

“அண்ணே,” என்றேன், “இது உங்களோடது.”

அவர் அப்படியே சுவரில் சாய்ந்து சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா மற்ற இரண்டு குழாய்களையும் என் கையில் இருந்து பிடுங்கித் தானே பிரித்துப் படித்தாள். ஒன்று அவள். மூன்று சுண்டு. தட்டை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தாள். முதல் வரிசையில் விரலை ஓட்டினாள், மூன்றாவதில் ஓட்டினாள். வெளுத்த இடங்களில் எல்லாம் விரல் ஒன்றுபோல நின்று நின்று போனது.

படிக்கட்டில் வேகமாக இறங்கி வெளியே ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். மைதானத்தின் பாதியில் சட்டென்று நின்றுவிட்டாள். குளித்து உடை மாற்றாமல் காருக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்று அவளே போட்ட சட்டம். அங்கேயே நின்று இரண்டு கையையும் வாயைச் சுற்றி வைத்துக்கொண்டு கத்தினாள்.

“என்னோடதுதாங்க. எல்லாம் என்னாலதான்.”

மாமாவுக்குத் தூரத்தில் முழுசாகக் கேட்டிருக்காது. ஆனால் காரின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது, முன்சீட்டுக்கு வந்திருந்தவர் பிரேக்கை மிதித்துவிட்டார். நிறுத்தி வைத்திருந்த கார். காவலாளி எங்களையும் காரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். குடும்பச் சண்டை என்று நினைத்திருப்பார். ஒரு பெண் இவ்வளவு சந்தோஷமாகத் தப்பை ஒப்புக்கொண்டு அவர் பார்த்திருக்க மாட்டார்.

திங்கட்கிழமை டாக்டரம்மா தட்டின் படத்தைப் பார்த்தார். கமிட்டி இடத்தை இன்னும் கொஞ்ச நாள் பிடித்து வைக்கச் சம்மதித்தது. அந்தக் கொஞ்ச நாளைப் பற்றி எழுத எனக்கு விருப்பம் இல்லை. சுண்டுவுக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அழுகை இருந்தது, சத்தம் குறைந்துகொண்டே போனது. பக்கத்து அறையில் இருந்தால் கேட்காது என்கிற அளவுக்கு. அதனால் யாரும் பக்கத்து அறைக்குப் போகவில்லை. அக்காவின் ஆன்டிபாடி ஒரு பக்கம் குறைய, மறுபக்கம் சுண்டு குறைந்தாள். எது முதலில் தீரும் என்பதுதான் கேள்வி.

ஒரு மாதம் கழித்து எடுத்த மூன்றாவது ரத்தத்தில் ஐம்பது வந்தது. சரியாக விளிம்பில்.

“ஐம்பதுன்னா கொடுக்கலாம்,” என்றார் டாக்டரம்மா. “ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம் கிடையாது. இன்னும் காத்திருந்தா அது குறையும். ஆனா நரம்பும் குறையும். நீங்கதான் சொல்லணும்.”

மாமா சம்மதப் படிவத்தின் முன்னால் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். எனக்கு இதெல்லாம் புரியாது, நீ எங்கே கை காட்டுகிறாயோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அந்த ஓட்டை ஆன்டிபாடி எப்படிப் பிடிக்கும், பிடித்தால் என்ன ஆகும் என்று அந்த அறையிலேயே அதிகம் தெரிந்தவள் அக்காதான். அதனாலேயே அதிகம் பயந்தவளும் அவள்தான். மாமாவின் பயத்துக்கு உருவம் கிடையாது. அக்காவின் பயத்துக்கு அறுபது துண்டுகளும் மேடுகளும் இருந்தன.

படிவத்தில் ஓர் இடத்தைத் தொட்டு, “போடுங்க,” என்றாள்.

மறுநாள் காலை சுண்டுவின் கையில் ஊசிக்குழாய் பொருத்தினார்கள். மருந்து ஒரு பெரிய சிரிஞ்சில் வந்தது. பார்க்க வெறும் தண்ணீர்தான். கோடிகோடியாய் ஓடுகள் அதில் மிதக்கின்றன என்று சொன்னால் நம்ப வேண்டியதுதான். ஒரு சிறு கருவி சிரிஞ்சைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அழுத்திக்கொண்டிருந்தது. முடிய ஒரு மணி நேரம் ஆகுமாம். காய்ச்சல் வரலாம், வாந்தி வரலாம், உதடு வீங்கினால் உடனே கூப்பிடுங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். நானும் மாமாவும் சுண்டுவின் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தால் எந்த உதடும் வீங்கியது மாதிரிதான் தெரியும். மாமா இரண்டு தடவை நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார். இரண்டு தடவையும் அவர் குனிந்து பார்த்துவிட்டு, இல்லை என்றார்.

அக்கா உதட்டைப் பார்க்கவில்லை. கட்டிலின் மறுபக்கம் குனிந்து, ஊசி ஏறியிருந்த அந்தச் சின்னக் கைக்கு நேராக வாயை வைத்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பிரார்த்தனை என்று நினைத்தேன். அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாதே என்று கிட்டே போய்க் காது கொடுத்தேன்.

“விட்டுடு,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். “அது நம்ம வீட்டு ஆளு. வழிமறிக்காத. போக விடு.”

நர்ஸுக்கும் கேட்டுவிட்டது. குழந்தை தூங்குகிறது, யாரிடம் பேசுகிறீர்கள் என்று அன்பாகத்தான் கேட்டார்.

அக்கா தலையைத் தூக்கவில்லை.

“என்கிட்டதான்,” என்றாள்.

சிரிஞ்சில் இன்னும் பாதி இருந்தது.